ஊசியை எந்த வாளியில் போடுவது?

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. காபி டம்ளரும் கையுமாக வாசலில் நின்றிருந்தேன். குமுதா வந்தார்.

குமுதா எங்கள் தெருவின் தூய்மைக் காவலர். ஊராட்சியின் பேட்டரி வண்டியில் வந்து, விசில் ஊதி, வீடு வீடாகக் குப்பை வாங்குவார். அன்று வண்டி இல்லை. விசில் இல்லை. கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா மட்டும் இருந்தது. அதை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு குட்டி ஊசி. அடியில் ஊதா நிறப் பிடி.

"சார், இது உங்க வூட்டு ஊசியா?"

"இல்லையே!" என்றேன்.

எவ்வளவு வேகம் பாருங்கள்... டி.வி. வினாடி வினாவில்கூட யாரும் அப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நேத்து மத்தியானம் ஷெட்ல மக்காத குப்பைய பிரிச்சிக்கினு இருந்தேன் சார். கிளவுஸ தாண்டி குத்திச்சி" என்றார். ஆள்காட்டி விரலைக் காட்டினார். குத்திய இடம் கண்ணுக்கே தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனேன். எய்ட்ஸ் கிய்ட்ஸ் வந்துடக் கூடாதுன்னு மாத்திரை குடுத்துக்கிறாங்க. யாரோட ஊசின்னு தெரிஞ்சா, அவங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரைய நிறுத்திடலாமாம். தெரியலன்னா ஒரு மாசம் முயுசா சாப்டணுமாம். ஒரு மாத்திரைக்கே தலைய சுத்திக்கினு வாந்தியா வருது."

"அடடா..." என்றேன். வேறென்ன சொல்வது?

"மாத்திரைகூட பரவால்ல சார். வூட்ல கொயந்த கீது. ஒன்றரை வயசு. தூக்கலாம், ஒண்ணும் ஆவாதுன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க. மனசு கேக்கல. நேத்துலருந்து தூக்கல, பாலும் குடுக்கல. அது என்ன பாத்து கைய நீட்டுது. நான் கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார், மற்ற வீடுகளில் கேட்க. நான் அங்கேயே நின்றேன். என் மனைவி வசந்தா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க... நம்மளுதும் ஊதா கலர்தானே?"

இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் நடைப்பயிற்சிக் கட்டுரை நினைவிருக்கும். சர்க்கரையை எப்படி நடந்தே விரட்டினேன், என் மாத்திரைகளை எப்படி வழியனுப்பி வைத்தேன் என்றெல்லாம் மார்தட்டி எழுதியிருந்தேன். உங்களில் பலர் கடிதம் போட்டீர்கள். சிலர் ஷூ வாங்கிய படத்தைக்கூட அனுப்பினீர்கள்.

விரட்டியது உண்மை. அது திரும்பி வந்ததும் உண்மை. எட்டு மாதமாக தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். பேனா மாதிரி ஒரு கருவி, அதன் முனையில் மாட்ட ஒரு குட்டி ஊசி. எழுதுகிற பேனாவைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்கிறவன், இந்தப் பேனாவைப் பற்றி மூச்சு விடவில்லை. வசந்தாவுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ஊசி வாங்கக்கூட தெருமுனை மருந்துக் கடைக்குப் போவதில்லை. பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய் வாங்கி வருவேன்.

ஆனால் ஒன்று... செவ்வாய்க்கிழமை காலையில் நான் "இல்லை" என்றது முழுப் பொய்யும் இல்லை. எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. ஏனென்றால் என் ஊசிகளை நான் சும்மா தூக்கி எறிகிறவன் இல்லை!

ஆரம்பத்திலேயே விசாரித்தேன். ஊசி விற்ற கடைக்காரரைக் கேட்டேன். "நாங்க விக்கிறதோட சரி சார், திருப்பி வாங்க மாட்டோம்" என்றார். வெள்ளை கோட் போட்ட ஒருவரைக் கேட்டேன். "வீட்டுல யூஸ் பண்றது வீட்டுக் குப்பைலதான் சேரும்" என்றார். வீட்டுக் குப்பை வாங்கும் ஊராட்சி ஆபீஸில், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "ஊசின்னா அது ஆஸ்பத்திரி குப்பையாச்சே!" என்றார்கள். ஆக, என் ஊசி வீட்டுக்கும் சொந்தமில்லை, ஆஸ்பத்திரிக்கும் சொந்தமில்லை. யாராவது ஒருவர் "இங்கே போடு" என்று சொல்லியிருந்தால் அங்கே போட்டிருப்பேன். சொல்வார் இல்லை.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சத்துமாவு வந்த பிளாஸ்டிக் டப்பா. கெட்டியான டப்பா, இறுக்கமான திருகு மூடி, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒவ்வொரு ஊசிக்கும் அதனதன் தொப்பியை மாட்டி அதில் போட்டுக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நிரம்பியது. மூடியை இறுக்கித் திருகி, எங்கள் பில்டிங்கின் சிவப்பு வாளியில் வைத்தேன்.

சிவப்பு வாளியா, அது எங்கே வந்தது என்கிறீர்களா?

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரத்தில், ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மகனுக்கு ஒரகடத்தில் வேலை என்று கூடவே வந்தோம். அவன் புனேவுக்கு மாற்றலாகிப் போனான், நாங்கள் தங்கிவிட்டோம். மூன்று மாடி, எட்டு போர்ஷன். தரைத்தளத்தில் நாங்கள். மேலே எல்லாம் கம்பெனி ஆட்கள். காலையில் எங்கள் தெருமுனையில் நாலு கம்பெனி பஸ் வந்து நிற்கும்.

ஊராட்சியில் இரண்டு வாளி கொடுத்தார்கள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. இதில் என்ன குழப்பம் வரப்போகிறது? வந்தது!

ஹவுஸ் ஓனர் ஏழுமலை இந்த ஊர்க்காரர். நிலம் இருந்த குடும்பம். இப்போது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஒரு சிவப்பு வாளியைக் கொண்டு வந்து வைத்தார். "எங்க பிளான்ட்ல சிவப்புன்னா டேஞ்சர் சார். பேட்டரி, பெயின்ட் டப்பா, ஒடஞ்ச பல்பு, அல்லாம் இதுல போடுங்க" என்றார். நல்ல யோசனை என்று கை கொடுத்தேன்.

மூன்றாவது மாடிப் பையன்கள் மறைமலை நகரில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் கேன்டீனில் மிச்சச் சோற்றைக் கொட்டும் டிரம் நீல நிறமாம். அதனால் எங்கள் நீல வாளியில் அடிக்கடி சாம்பார் சாதம் இருக்கும். திட்டினால், "பழக்க தோஷம் சார்" என்பார்கள். இரண்டாவது மாடியில் இருந்த ஒருவர் தன் கம்பெனியில் இருப்பதுபோல ஒரு மஞ்சள் வாளியையும் வாங்கி வந்து வைத்தார். அதில் என்ன போடுவது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலை மாறிப் போய்விட்டார். வாளி இருக்கிறது. நேற்றுகூட அதில் ஒரு தேங்காய் ஓடு கிடந்தது.

ஒருவருக்கும் ஒழுங்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் குப்பையைப் பிரிப்பதில் பரீட்சை எழுதி பாஸ் ஆனவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு பள்ளிக்கூடம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

என் ஊசி மூடிய டப்பாவில், டப்பா சிவப்பு வாளியில். குமுதாவைக் குத்தியதோ நீல வாளிக் குப்பை. அப்படியென்றால் அது எப்படி என்னுடையதாக இருக்கும்? ஊதா நிற ஊசியை உலகத்தில் நான் ஒருவன்தான் வாங்குகிறேனா? வசந்தாவிடம் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

மாடியிலிருந்து குமுதா இறங்கி வந்தார். எல்லா வீட்டிலும் "இல்லை"தான். பின்னாலேயே ஏழுமலையும் ஷிப்டுக்குக் கிளம்பிய கோலத்தில் வந்தார். "இந்த பில்டிங்குன்னு எப்டிம்மா சொல்ற?" என்று கேட்டார்.

"டப்பாவ கழுவி, லேபிள கிழிச்சி, மூடிய தனியா, ஊக்கு ஆணிய தனியா ஒரு கவர்ல போட்டுத் தர்றது தெருவுலயே இந்த பில்டிங் ஒண்ணுதான் சார். ஷெட்ல இந்த மூட்டைய மட்டும் நாங்க பயப்படாம கை வுட்டு அள்ளுவோம்" என்றார் குமுதா.

இந்தச் சமயம் பார்த்து நைட் ஷிப்ட் முடிந்து கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. முதல் மாடியில் மூன்று பெண்களாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, கண்ணில் தூக்கம். குமுதா கையில் இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"ஏ அக்கா, இது நான் போட்டதுல்லா? இது எப்படி உங்க கையில?"

படிக்கட்டில் நின்றிருந்த மூன்றாவது மாடிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலையின் முகம் மாறியது.

"உனக்கு இன்னாம்மா ஊசி? இன்னா ஊசி போட்டுக்கினு கீற நீ?"

அவர் கேட்ட கேள்வியை விட, கேட்ட விதம்தான் எனக்குச் சுருக்கென்றது. தனியாக ரூம் எடுத்துத் தங்கும் பெண். கையில் ஊசி. அடுத்த நிமிஷம் கதை தெருவுக்குப் போகும். மாலைக்குள் மூன்று பேரும் ரூம் காலி செய்ய வேண்டியிருக்கும். இசக்கிக்கு அது புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு எதுக்கு ஊசி? கீழ சிவப்பு வாளில ஒரு டப்பா கெடந்துச்சு. சத்துமாவுன்னு லேபிள். தூக்குனா கலகலன்னு சத்தம். லேபிள் ஒண்ணு, உள்ள வேற ஒண்ணு. எங்க கம்பெனி லைன்ல அப்படி வந்தா, ராங் லேபிள்னு சிவப்பு பெட்டிலதான் போடுவாங்க. சிவப்புன்னா ரிஜெக்ட். அந்த ரிஜெக்ட்ட தெறந்து, பிளாஸ்டிக் தனி, இரும்பு தனின்னு பிரிக்கதுதான் என் வேலையே. இங்கயும் பழக்கத்துல எப்பவும் நான்தான் பிரிப்பேன், அதான் இதையும் பிரிச்சேன். டப்பாவ கழுவுனேன். தொப்பிய பூரா கழட்டி பிளாஸ்டிக்ல போட்டேன். ஊசிய நீல வாளில வைக்க ஆணி கவர்ல போட்டேன். நான் கிளவுஸ் போட்டு, ட்வீஸர் இடுக்கி வச்சுத்தான் செஞ்சேன்... டப்பாவுல ஒத்த எழுத்து எழுதலியே! எழுதியிருந்தா நான் தொடுவனா?"

எழுதியிருந்தா...

வாரம் தவறாமல் ஒரு பக்கம் எழுதுகிறவன் நான். என்ன தலைப்பு கொடுத்தாலும் எழுதுவேன். அந்த டப்பாவில் இரண்டு எழுத்து – 'ஊசி' – எழுத எனக்கு மனம் வரவில்லை. யாராவது படித்துவிடுவார்களே என்று.

"அது என்னுது" என்றேன்.

குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை சொன்னேன். "அந்த டப்பா என்னுது. ஊசியும் என்னுது. எனக்கு சுகர். இன்சுலின் போட்டுக்கறேன். அந்தப் பொண்ணுக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை மட்டும், "நீங்கதான் வாக்கிங்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கட்டுரையை ஃபிரேம் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார் மனிதர். எனக்குக் கூசியது.

குமுதா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்களுக்கு வேற ஒண்ணும் இல்லியே சார்?"

"சர்க்கரை மட்டும்தாம்மா."

"அப்ப செருப்ப மாட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஷேர் ஆட்டோவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மதியம் ரிசல்ட் வரும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் எனக்குப் புதிதாக ஒரு குழப்பம் பிடித்துக்கொண்டது. எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று நான் எப்படிச் சொன்னேன்? டெஸ்ட் செய்து பார்த்திருக்கிறேனா? எப்போதோ ஒரு ஆபரேஷன், அதில் ஏற்றிய ரத்தம், பழைய காலத்துப் பல் டாக்டர், சலூன் கத்தி... ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையை ரீவைண்ட் செய்து பார்த்தேன். எனக்கு வியர்த்தது. குமுதா என்னைப் பார்த்துவிட்டு, "காலைல சாப்டீங்களா சார்? சுகர் எறங்கிடப் போவுது" என்று பையில் இருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

அந்த பிஸ்கட்டை நான் எப்படி முழுங்கினேன் என்று கேட்காதீர்கள். "மன்னிச்சுக்கோங்கம்மா, கேட்டவுடனே சொல்லியிருக்கணும்" என்றேன். "ஆமா, சொல்லிக்கணும்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான்.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். என் ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை. குமுதாவின் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஒரு தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டு, சொல்கிற நாளில் வந்து காட்டிவிட்டுப் போகட்டும் என்றார். குமுதா வெளியே வந்து மாமியாருக்குப் போன் போட்டார். "மாமி, கொயந்தைய தூங்க வெச்சிடாத. நான் வந்துக்கினே கீறேன்" என்றார்.

கிளம்பும்போது நர்ஸிடம் கேட்டேன். "சிஸ்டர், இனிமே இந்த ஊசியை நான் எங்கேதான் போடறது?"

"மூடி போட்ட டப்பால சேத்து இங்க கொண்டு வந்து குடுங்க சார். ஊசிக்குன்னு எங்ககிட்ட வெள்ளை டப்பா இருக்கு" என்றார்.

வெள்ளை! இன்னொரு நிறம்.

இதை எனக்கு எட்டு மாதத்துக்கு முன் யார் சொல்லியிருக்க வேண்டும்? விற்றவரா, வாங்க மறுத்தவரா? இன்றுவரை தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் ஏழுமலை வாளி வைத்தது சரி. இசக்கி பிரித்ததும் அவள் படித்த பாடத்தின்படி நூற்றுக்கு நூறு. குமுதா கையுறை போட்டிருந்தார். எல்லோரும் சரியாகச் செய்து, கடைசியில் குத்தியது என்னவோ குமுதாவைத்தான். சுற்றிச் சுற்றி யோசித்தாலும், அந்தக் கணக்கில் இடிக்கிற இடத்தில் நான்தான் நிற்கிறேன்.

அன்று சாயங்காலம் இசக்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏழுமலை முதலிலேயே மாடிக்குப் போய் அவளிடம், "தப்பா கேட்டுட்டேம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவள் கையில் ஒரு கட்டு அட்டை, கயிறு கோத்து. அவர்கள் லைனில் கட்டுவதுபோல அவளே வெட்டி எழுதியது.

"அங்கிள், இனிமே எந்த வாளில என்ன போட்டாலும் இத கட்டிருங்க. நாலே வரிதான். என்ன பொருள், யாரு போட்டது, கை பட்டா ஆபத்தா, எங்க போவணும். கலர நம்பாண்டாம். கலரு கம்பெனிக்கு கம்பெனி மாறுதுல்லா?"

மூன்றாவது மாடிப் பையன்கள் அன்றிரவே நீல வாளியில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டார்கள்: 'சாம்பார் போடாதே. போட்டால் நீயே சாப்பிடு.' அவர்களுக்கு அவர்களே எழுதிக்கொண்டது.

புது டப்பாவில் நானும் அட்டையைக் கட்டினேன். முதல் வரி எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில் பேனா நின்றது. 'யாரு போட்டது?' வீட்டு நம்பர் மட்டும் போட்டால் போதாதா? வசந்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. பெயரை எழுதினேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை. விசில் சத்தம் கேட்டது. குமுதா பேட்டரி வண்டியில் வந்து நின்றார். டப்பா நிரம்பட்டும், நாமே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம் என்று அதை வாசல் ஜன்னலில் வைத்திருந்தேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி. சக்கரை வியாதி. கை படக் கூடாது. ஆஸ்பத்திரி வெள்ள டப்பாக்குப் போவணும்" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி படித்தார். என் பெயரை முழுசாக, இனிஷியலோடு, இன்னும் சத்தமாகப் படித்தார். எதிர் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"குழந்தையத் தூக்கினீங்களா?" என்று பேச்சை மாற்றினேன்.

"இடுப்ப வுட்டு எறங்க மாட்டேங்குது சார்" என்றவர், வண்டியைக் கிளப்பும் முன் அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். "கையெயுத்து நல்லாத்தான் கீது... மொதல்லயே எயுதிக்கலாம்."

என் நடைப்பயிற்சிக் கட்டுரையைப் படித்து ஷூ வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: நடங்கள், நல்லதுதான் – நான் ஊசியும் போட்டுக்கொள்கிறேன்.